கொடியில் கிடப்பவை

கொடி என்ற சொல்லுக்கு எமது மொழியில் பொருள்கள் பல. படர்கின்ற கொடி, பறக்கின்ற கொடி, தொப்புள்கொடி, தாலிக்கொடி. இவற்றுள் பறக்கின்ற கொடிக்காக நாம் சிந்தியதும் எழுதியதும் ஏராளம். புலம்பெயர்ந்து வந்த பின்னரும் எந்த மண்டபத்தில் எந்தக் கொடியை ஏற்றுவது என்று அடிபட்டுக்கொண்டோம். உடுப்புக் காயப்போடும் கொடியைப் பற்றிப் பேச மட்டும் எமக்கு நேரம் இருந்ததில்லை. அது பெண்களின் விடயம், கிணற்றடி விடயம் என்று விட்டிருக்கலாம். ஆயினும் ஒரு சமூகம் எதை வெளிச்சத்தில் விரிக்கிறது, எதைத் துவாய்க்குக் கீழே ஒளிக்கிறது என்று பார்க்க விரும்புபவர் அந்தக் கயிற்றடிக்குத்தான் போக வேண்டும்.

ஊரில் கொடி வீட்டின் கோடிப்புறத்தில் இருந்தது. கிணற்றடிக் கல்லில் அடித்துத் தோய்த்த உடுப்பு, வேம்புக்கும் முருங்கைக்கும் இடையில் கட்டிய தும்புக்கயிற்றில் விழும். பாரத்தில் கயிறு தாழ்ந்தால் நடுவில் ஒரு கவர்த்தடி முண்டு கொடுக்கும். கயிறு காணாவிட்டால் வேலி இருந்தது. கிளுவங் கதியாலில் சாரமும் துவாயும் கிடந்து காயும். மழைக்குணம் கண்டால் 'உடுப்பை எடு பிள்ளை' என்று ஒரு குரல் எழும். அதைக் கேட்டு அடுத்த வளவிலும் ஓடுவார்கள். இடமும் வெயிலும் எமக்கு இல்லாமற் போகலாம் என்று எவரும் அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

வந்த நாடுகளில் குளிரை எதிர்பார்த்தோம். உடுப்புக் காய இடமிராது என்பதை எவரும் எமக்குச் சொல்லி அனுப்பவில்லை. நாலு பேர், ஐந்து பேர் ஓர் அறையில் இருந்த அந்த முதல் வருடங்களில் ஹீற்றரின் மேலும், கதிரையின் முதுகிலும், கட்டில் தலைமாட்டிலும், குளிக்கும் அறைக் கம்பியிலும் உடுப்புத் தொங்கியது. உள்ளே ஈரமாயிருந்த ஜீன்சைப் போட்டுக்கொண்டு உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போனவர்கள் எம்மில் அனேகர். நோர்வேக்குப் போனவர்கள் வேறொன்றையும் கண்டார்கள்: பூச்சியத்துக்குக் கீழேயும் உடுப்புக் காய்கிறது. முதலில் சட்டை விறைத்துப் பலகைபோல நிற்கும். பிறகு, காற்று வறண்டிருந்தால், பனிக்கட்டி நீராக மாறாமலே ஆவியாகிப் போகும். ஊருக்கு இதை எழுதினால் நம்பமாட்டார்கள்.

சுவிற்சர்லாந்தில் இருந்தவர்களுக்கு வேறு அனுபவம். அங்கே பழைய மாடிக் கட்டடங்களில் தோய்ப்பதற்கென்று நிலத்துக்குக் கீழே ஒரு பொது அறை. அதன் திறப்பு வீடு வீடாக மாறும். உங்கள் முறை வரும் நாளில் தோய்த்து, காயவைத்து, தரையையும் துடைத்துத் திறப்பை ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பல கட்டடங்களில் மெசினைத் தொடவே கூடாது. சுவிஸ் எழுத்தாளர் ஹூகோ லோச்சர் 1983இல் வெளியிட்ட தமது கட்டுரை நூலின் தலைப்பிலேயே இந்தத் தோய்க்கும் அறைத் திறப்பை வைத்தார். தன் நாட்டைப் புரிந்துகொள்ள அதுவும் ஒரு திறப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எமக்கு அது தோன்ற அதிக காலம் எடுக்கவில்லை.

ஆனால் வரிசையும் முறையும் ஒன்று, தடை வேறொன்று. இருக்கும் ஒரு மெசினைப் பத்து வீடுகள் பகிர்ந்துகொள்ள விதி வேண்டும்; அது எவரையும் இழிவுபடுத்துவதில்லை. வெளியே தெரியும்படி உடுப்பைக் காயப்போடாதே என்ற விதி அப்படிப்பட்டதா என்பதே கேள்வி.

2008 ஏப்ரலில் கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு ஓர் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் அங்கே புதிதாக எழும்பிய பல குடியிருப்புகளில் வீடு வாங்குபவர், வெளியே கொடி கட்டுவதில்லை என்ற நிபந்தனைக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. வீடும் வளவும் காசு கொடுத்து வாங்கியவருடையவை; ஆனால் அந்த வளவில் ஒரு கயிறு கட்ட அவருக்கு உரிமையில்லை. கட்டினால் அயலின் தோற்றம் கெடும், வீடுகளின் விலை இறங்கும் என்றார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அரசு அந்த நிபந்தனையைச் செல்லாததாக்கியது. ஐக்கிய அமெரிக்காவிலும் காயப்போடும் உரிமை என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் நடந்தது; புளோரிடா, வெர்மொன்ற் போன்ற மாநிலங்களில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

நல்ல காரியந்தான். ஆனால் ஒன்ராறியோவின் விதி தனிவீடுகளுக்கும், ஒட்டுவீடுகளுக்கும், வரிசைவீடுகளுக்கும் உரியதாக இருந்தது. மாடிக் கட்டடங்களின் பல்கனிகள் அதில் அடங்கவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஸ்காபரோவில் வந்திறங்கிய எம்மவர் எங்கே குடியிருந்தார்கள் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வளவு உள்ளவருக்கு வெயில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பன்னிரண்டாம் மாடியில் இருப்பவர் தொடர்ந்தும் காசு போட்டு மெசினில் காயவைக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தடைகளில் விசித்திரமான ஒன்று உண்டு. கொடியில் தொங்குவது தோய்த்த உடுப்பு. அந்த வீட்டிலுள்ள துணிகளில் மிகச் சுத்தமானது அதுதான். ஆகவே அழுக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அப்படியானால் எதைப் பார்க்கச் சகிக்கவில்லை? இந்த வீட்டில் உடம்புகள் இருக்கின்றன, அவை வியர்க்கின்றன, யாரோ ஒருவர் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறார், ட்றையர் வாங்க வசதியில்லை அல்லது அதற்குக் காசு போட மனமில்லை. கொடி இவ்வளவையும் தெருவுக்குச் சொல்லிவிடுகிறது. நேப்பிள்சின் ஒடுங்கிய தெருக்களில் குறுக்கே தொங்கும் உடுப்புகளை உல்லாசப் பயணிகள் படம் பிடித்துப் போஸ்ற்கார்ட்டாக வாங்கிச் செல்கிறார்கள். அதே காட்சி தமது தெருவில், தமக்குப் பக்கத்துக் கட்டடத்தில் தெரிந்தால் முறைப்பாடு எழுதுகிறார்கள். தூரத்து வறுமைக்கு அழகு உண்டு போலும்.

பொருளியலின் தந்தை என்று சொல்லப்படும் அடம் சிமித் 1776இல் வெளியான தமது பெரிய நூலில் லினன் சட்டையை ஓர் உதாரணமாக எடுக்கிறார். பழைய கிரேக்கரும் உரோமரும் லினன் இல்லாமல் வசதியாகவே வாழ்ந்தார்கள். ஆனால் தமது காலத்து ஐரோப்பாவில் மரியாதையுள்ள ஒரு கூலித் தொழிலாளிகூட அந்தச் சட்டை இல்லாமல் நாலுபேர் முன் வர வெட்கப்படுவான். ஆகவே அதுவும் அத்தியாவசியப் பொருளே என்பது அவருடைய வாதம். உயிர் தங்குவதற்கு வேண்டியவை போதாது, வெட்கமின்றி வெளியே வருவதற்கு வேண்டியவையும் தேவை. அமர்த்தியா சென் வறுமையைப் பற்றி எழுதியபோது இந்த இடத்துக்குத்தான் மீண்டும் மீண்டும் வந்தார். நாம் இதோடு இன்னொன்றைச் சேர்க்கலாம். வெளியே வருவதற்குச் சுத்தமான சட்டை வேண்டும் என்று கேட்கின்ற அதே சமூகம், அந்தச் சட்டை சுத்தமான விதத்தைக் காட்டாதே என்றும் கேட்கிறது. சட்டையைக் காட்டு, கயிற்றை மறை. ட்றையர் உள்ளவருக்கு இது ஒரு பொருட்டேயல்ல. இல்லாதவர் இரண்டு முறை வெட்கப்பட வேண்டும்.

வெட்கத்தோடு முடிந்தால் பரவாயில்லை. ஒரு தடவை தோய்த்த உடுப்பில், மெசின் பிழிந்த பின்னரும், இரண்டு லீற்றர் அளவுக்கு நீர் நிற்கும். ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.7 கிலோவாற் மணி சக்தி வேண்டும். வெளியே வெயிலும் காற்றும் அதை இலவசமாகத் தருகின்றன. உள்ளே தொங்கவிட்டால் அந்த நீர் எங்கே போகும்? யன்னல் கண்ணாடியில் வடியும், குளிர்ந்த மூலைச் சுவரில் ஊறும், அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணமாக எழும்பும். பிறகு பிள்ளைக்கு இழுப்பு. பிறகு வீட்டுக்காரர் வந்து பார்த்துச் சொல்வார்: நீங்கள் சமைக்கும் விதம், குளிக்கும் விதம், உள்ளே உடுப்புக் காயப்போடும் விதம், பிழை சுவரில் இல்லை.

இது மிகைப்படுத்திய பேச்சல்ல. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். வீட்டிலிருந்த பூஞ்சணத்தைப் பற்றித் தந்தை 2017 தொடக்கம் முறையிட்டு வந்திருந்தார். அந்தப் பூஞ்சணமே குழந்தையின் சுவாசத்தைக் கெடுத்து உயிரைப் பறித்தது என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு கூறியது. வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்பு, இவர்களின் வாழ்க்கைமுறைதான் காரணமென்று ஊகித்திருந்தது. அந்த ஊகம் தவறென்று பின்னர் ஏற்றுக்கொண்டது. 2023இல் அந்தக் குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் நிறைவேறியது. ஈரமும் பூஞ்சணமும் பற்றிய முறைப்பாடுகளைச் சமூக வீடமைப்பாளர் குறித்த காலத்துக்குள் கவனிக்க வேண்டும் என்ற அதன் முதற்கட்ட விதிகள் 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. எமது வீடுகளிலும் அதே கறுப்பு மூலைகள் உண்டு. வெளியே போடாதே என்றவர்களும், உள்ளே போட்டதால்தான் பூஞ்சணம் என்றவர்களும் ஒரே ஆட்களாக இருந்ததை நாம் எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்.

இவ்வளவையும் வாசித்து எம்மவர் தலையாட்டுவார்கள். வெள்ளைக்காரனின் போலிக் கௌரவம், எங்களுடைய ஊரில் இப்படியா என்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஊரிலும் எமது கொடிக்கு விதிகள் இருந்தன. எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

சாரமும் சேட்டும் வெயிலில் கிடந்தன. பெண்களின் உள்ளுடுப்பு அப்படிக் கிடக்கவில்லை. அது சேலையின் மடிப்புக்குள், துவாயின் கீழ், குசினித் தாழ்வாரத்தின் இருட்டில், ஈரம் முழுதாகப் போகாமலே எடுக்கப்பட்டது. மாதவிடாய்த் துணியின் கதை இன்னும் மோசம். எவர் கண்ணிலும் படாத ஒரு மூலையில், சில வீடுகளில் மாட்டுக்கொட்டிலின் பின்னால், காற்றுக்கூடப் படாமல் அது காய வேண்டியிருந்தது. மீண்டும் பாவிக்கும் துணியைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, நல்ல வெயிலில் முற்றாகக் காயவிட வேண்டும் என்பது சுகாதாரத்தின் அரிச்சுவடி. அந்த வெயில் எமது வளவு நிறைய இருந்தது. மானம் என்ற சொல் அதற்குக் குறுக்கே நின்றது. அந்த மானத்தைக் காத்ததற்கான எரிவும் சொறியும் ஆண்களின் உடம்பில் வரவில்லை. வெளிநாட்டு வீடுகளிலும் இந்த விதி பெட்டியோடு சேர்ந்து வந்திருக்கிறது. பல்கனியில் தடை இல்லாத வீட்டில்கூட, மாமனார் வந்து நிற்கிறார் என்பதற்காகக் குளிக்கும் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகின்ற துணிகள் எத்தனை.

இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஊரில் எல்லா உடுப்பையும் நாமா தோய்த்தோம்? யாழ்ப்பாணத்தில் 'கட்டாடி' என்று அழைக்கப்பட்ட சலவைத் தொழிலாளி வந்து மூட்டை கட்டிக்கொண்டு போனார். பிள்ளைப்பேற்றுத் துடக்கு, சாமத்தியத் துடக்கு, செத்தவீட்டுத் துடக்கு, எல்லாத் துணியும் அந்த மூட்டையில் போயின. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வெள்ளை கட்டுவதற்கு அதே மனிதரும் அவர் தோய்த்த துணியும் வேண்டும்; ஆனால் அவர் விறாந்தையில் ஏறக்கூடாது. டானியல் 'பஞ்சமர்' என்று தலைப்பிட்டு நாவல் எழுதினாரே, அந்தச் சொல் குறிக்கும் ஐந்து சமூகங்களில் இவர்களும் அடங்குவர். எமது துடக்கைக் கழுவியவர் அதனாலேயே எமக்குத் துடக்கானார். இதைவிட வசதியான தர்க்கம் உலகில் வேறெங்கும் உண்டோ தெரியாது.

கடலுக்கு அப்பால் நிலைமை இன்னும் கொடியது. திருநெல்வேலி மாவட்டத்தின் புரத வண்ணாரைப் பற்றி 1932 டிசம்பரில் 'இந்து' ஆங்கிலப் பத்திரிகையில் வந்த செய்தியை அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்கிறார். தீண்டத்தகாதவர் எனப்பட்டோரின் உடுப்புகளைத் தோய்த்த மக்கள் அவர்கள். கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் வெளியே வர அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. நடுநிசிக்கும் விடியலுக்கும் இடையில் வேலை செய்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களாலும் ஒதுக்கப்பட்ட சலவைத் தொழிலாளரின் வாழ்க்கையை இமையம் 1994இல் வெளியான 'கோவேறு கழுதைகள்' நாவலில் எழுதினார். அது வந்தபோது புலம்பெயர்ந்த இலக்கியக்காரர்களும் வாங்கி வாசித்தோம், கூட்டங்களில் பேசினோம். துணி வெளிச்சத்தில் காயலாம், தோய்த்தவர் வெளிச்சத்தில் வரக்கூடாது என்ற விதியோடு ஒப்பிட்டால் ரொறன்ரோ வீட்டுச் சங்கத்தின் விதி ஒரு குழந்தை.

இங்கு வந்ததும் மெசின் வந்தது, கட்டாடி இல்லை. எமது அழுக்கை நாமே தோய்த்தோம். இதை அகதி வாழ்வு தந்த ஒரு நன்மை என்று எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் வேலைக்குப் போன இடத்தில் ஹொட்டல் விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் துணிகளையும் தோய்க்கும் நிலக்கீழ் அறைகளில் நின்ற எம்மவர், என்ன வேலை என்று ஊரார் கேட்டால் 'கொம்பனியில்' என்று மட்டும் எழுதினார்கள். அந்த வேலையில் இழிவு இல்லை என்று அவர்களுடைய கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு எழுதிய கடிதத்துக்குத் தெரியவில்லை.

அப்படியானால் மறைப்பதெல்லாம் அடிமைத்தனமா? அப்படிச் சொல்லிவிட எமது அனுபவம் இடம் தராது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்துடன் சண்டை தொடங்கிய பின்னர் பல வீடுகளில் கொடியின் ஒழுங்கு மாறியது. கொடியில் ஒரு நீளக்காற்சட்டை கிடந்தால் அந்த வீட்டில் ஒரு பெடியன் இருக்கிறான் என்பது பொருள். தாய்மார் அதை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பாட்டியின் சேலையும் சின்னப்பிள்ளையின் சட்டையும் மட்டும் காய்ந்தன. கணக்கெடுக்க வருபவன் கொடியைப் பார்த்தே வீட்டைக் கணக்கெடுத்துவிடுவான் என்பதை அவர்கள் விளங்கி வைத்திருந்தார்கள். அந்த மறைப்பில் வெட்கமில்லை. அதிகாரத்தின் கண்ணுக்கு முன்னால் ஓர் உயிரை மறைத்தது அது.

அதன் பிறகு தொண்ணூறுகளில் வடக்கில் பொருளாதாரத் தடை. சவர்க்காரமும் தடைப்பட்ட பொருட்களில் ஒன்று. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். வெள்ளைத் துணி மஞ்சளானது; கொடியில் போட்டால் அந்த வாசத்துக்கு மாடுகள் வந்து சப்பின. பள்ளிக்கூடச் சட்டையை மாட்டின் வாயிலிருந்து இழுத்தெடுத்த கதைகள் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. மஞ்சளாய்ப் போன சட்டையோடு போவதற்கு அப்போது எவரும் வெட்கப்படவில்லை. எல்லோருடைய சட்டையும் மஞ்சள். வறுமை எல்லோருக்கும் பொதுவானபோது கொடி தன்னுடைய வாயை மூடிக்கொண்டது என்று சொல்லலாம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழுந்து போனபோது எத்தனையோ கொடிகளில் உடுப்பு ஈரத்தோடு கிடந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, காய்ந்திருக்காது.

ஆகவே வெளிப்படுத்துவது நல்லது, மறைப்பது தீது என்று ஒரே கோடு கீற முடியாது. நாம் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: மறைக்கும்படி கேட்பவர் யார்? அதற்கான விலையைக் கொடுப்பவர் யார்? காற்சட்டையை உள்ளே எடுத்த தாய் தானே தீர்மானித்துத் தன் பிள்ளைக்காக எடுத்தாள். மாதவிடாய்த் துணியை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோன மகள் வேறு எவருடையதோ கௌரவத்துக்காகத் தன் உடம்பால் விலை கொடுத்தாள். பல்கனியில் போடாதே என்று கேட்பவர் தன் வீட்டின் விலையைக் காக்கிறார். விலை கொடுப்பது பன்னிரண்டாம் மாடியில் இழுக்கின்ற பிள்ளையின் நெஞ்சு. கண்ணுக்கு இதமாயிருக்க வேண்டும் என்ற ஆசை தவறானதல்ல. அழகான தெருவில் நடக்க நாமும் விரும்புகிறோம். ஆனால் ஒருவருடைய கண்ணின் இதத்தையும் இன்னொருவருடைய சுவாசத்தையும் ஒரே தராசில் வைத்து, கண்ணின் பக்கம் தாழ்கிறது என்று சொல்பவரோடு எமக்கு வாதிட எதுவுமில்லை.

இந்த இரண்டு கேள்விகளும் இப்போது எமது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. நாம் வந்து நாற்பது வருடமாகிறது. மாடிக் கட்டடங்களிலிருந்து இறங்கி, பிள்ளைகளும் உழைக்க, வீடு வாங்கியவர்கள் பலர். வீட்டுக் கடன் கட்ட வேண்டும். பேஸ்மன்றையும் மேலறையையும் வாடகைக்கு விடுகிறார்கள். அண்மைக் காலத்தில் படிக்கவென்றும் வேலைக்கென்றும் வந்திறங்கும் இளம் தமிழர்கள் அவற்றில் இருக்கிறார்கள், சில இடங்களில் நாலு பேர் ஓரறையில், நாங்கள் இருந்ததைப் போலவே. ட்றையரைக் கிழமைக்கு ஒரு தடவைதான் போடலாம், கறன்ற் பில் கூடுகிறது. பின்வளவு வீட்டுக்காரருக்கு. ஹீற்றரின் மேல் உடுப்புப் போட்டால் சுவர் பழுதாகிறது. இவையெல்லாம் வீட்டுக்காரருக்கு உண்மையான செலவுகள். அவற்றை நாம் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பின்வளவில் ஒரு கயிறு கட்டுவதற்கு என்ன செலவு என்று கேட்டால், 'சனம் என்ன நினைக்கும்' என்ற பதில்தான் வருகிறது. அதுவும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் வருகிறது.